இருநூறாவது வயிறு

நூற்றுத் தொண்ணூற்றொன்பது வயிறுகளைத் தொட்டுப் பார்த்தாகிவிட்டது. இருநூறாவது வயிறு மட்டும் டாக்டர் ரூபர்ட் ஹாலமின் கைக்கு அகப்படாமல் டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தது.

அந்த வயிற்றின் சொந்தக்காரர் ட்ரெவ் கோர்மன் ஒன்றும் கண்காணாத தேசத்தில் இல்லை. பர்ரவில்லா ஆஸ்பத்திரியின் ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சாரியில் தெரிகிற மெக்கானிக் ஷெட் அவருடையதுதான்.

"மறுபடி போன் பண்ணியா வெர்னா?"

"பன்னெண்டு தடவ பண்ணிட்டேன் டாக்டர்," என்றாள் நர்ஸ் வெர்னா. "வயிறு எப்படி இருக்குன்னு கேட்டா 'பரவால்ல'ங்கறார். நேர்ல வாங்களேன்னா 'வேலை தலைக்கு மேல கெடக்கு, அப்புறம் பாக்கலாம்'ங்கறார். ஒரு மாசமா சனிக்கிழமை கிரிக்கெட்டுக்குக்கூட வர்றதில்லையே."

"பரவால்லன்னா என்ன அர்த்தம்?"

"இந்த ஊர்லயா? போன வருஷம் கெவின் ஹார்டி டிராக்டருக்கு அடியில சிக்கிக்கிட்டுக் கெடந்தப்பகூட பரவால்லன்னுதான் சொன்னார்."

ஹாலமின் படிவத்தில் 'பரவாயில்லை' என்று ஒரு கட்டம் கிடையாது. ஆளை நிற்க வைத்து, இருமச் சொல்லி, தழும்பின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, 'புடைப்பு உண்டு' அல்லது 'புடைப்பு இல்லை' என்று எழுத வேண்டும். வயிற்றுத் தசை விட்டுப்போய்க் குடல் வெளியே புடைக்கிற ஹெர்னியாவுக்குத் தன்னிடம் ஆபரேஷன் செய்து மூன்று வருடம் ஆனவர்களைத்தான் அவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேருக்கு நேரே 'இல்லை' என்று தன் கையாலேயே எழுதியிருந்தார்.

அந்தப் பரிசோதனையில் ஊருக்கு ஓர் உபரி நன்மையும் விளைந்தது. ஹாலமால் எதையும் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. பல பேருக்கு இடுப்புக்கு மேலே பக்கவாட்டில் புள்ளி புள்ளியாகத் தழும்பு இருப்பதைக் கவனித்தார். "இது என்ன?" என்று கேட்டால், "முள்வேலி கிழிச்சிருச்சு டாக்டர்," என்றார்கள். ஊர் முழுக்கச் செம்மறி ஆட்டுப் பண்ணை, வேலி கட்டுகிற வேலை. நூலகத்திலேயே முப்பது வருடம் உட்கார்ந்திருந்து ஓய்வு பெற்ற எல்ஸ்பெத்தைக்கூட முள்வேலி விட்டுவைக்கவில்லை. உள்ளூர்ப் பத்திரிகையில் 'வேலி வேலையும் தோல் பாதுகாப்பும்' என்று ஹாலம் நான்கு வாரம் எழுதித் தள்ளினார். கித்தான் மேலங்கி போட்டுக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரி வாசலில் பலகையும் வைத்தார். ஜனங்களும் மறுபேச்சில்லாமல் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். அவ்வளவு மரியாதை தெரிந்த ஊர் அது.

இப்போது விஷயம் வெள்ளிக்கிழமையில் வந்து நின்றது. வெள்ளிக்கிழமை காலை தலைநகரில் சுகாதார வாரியத்தின் கூட்டம். பர்ரவில்லாவுக்கும் பக்கத்து ஊர் கூலப்ரிக்கும் நடுவே தொண்ணூறு கிலோமீட்டர்தான், இரண்டு ஆபரேஷன் தியேட்டர் எதற்கு என்று வாரியம் யோசித்தது. எந்த ஊரில் ஹெர்னியா வேலை உறுதியாக நிற்கிறதோ அங்கே தியேட்டர் இருக்கும், மற்ற ஊரில் பூட்டு விழும். பதினாறு வருடமாகத் தான் நின்று வேலை பார்த்த அந்த அறையின் விளக்கை ஒருநாள் நிரந்தரமாக அணைப்பதை நினைத்தால் மட்டும் ஹாலமுக்கு ராத்திரித் தூக்கம் போய்விடும். அதனால் அதை அவர் நினைப்பதே இல்லை.

தன் வேலை மேல் அவருக்கு மலைபோல நம்பிக்கை. வயிற்றை நேர்கோடாகத் திறப்பார். தசைக்குப் பின்னால் பைபோல இடம் பிரிப்பார். அதில் இரண்டு உள்ளங்கை அகலத்துக்குத் தசையைத் தாங்குகிற செயற்கை வலையை விரிப்பார். பிறகு அரை சென்டிமீட்டருக்கு ஒரு தையல். காயத்தின் நீளத்தைப்போல நாலு மடங்கு நூல் செலவாகியிருக்க வேண்டும், இல்லையென்றால் பிரித்துவிட்டு முதலிலிருந்து போடுவார். வெர்னா கையில் ஸ்கேல் வைத்துக்கொண்டு நூலை அளந்தே கிழவியாகிவிடுவாள் போலிருந்தது.

கூலப்ரி டாக்டர் பெர்கஸ் டோலன் இதற்கு நேர்மாறு. மூன்றே மூன்று சின்னத் துளை, ஒரு காமிரா, உள்ளே இருந்தபடியே வலையை ஒட்டிவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார். "சாவித் துவாரம் வழியா வீட்டுக்கு வெள்ளையடிக்கிற ஆளு," என்பார் ஹாலம்.

"ஆனா அவரும் ஒரு வயிறும் திரும்பப் புடைக்கலன்னுதானே சொல்றார்?" என்றாள் வெர்னா.

ஹாலம் சிரித்தார். இந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு ரகசியம் இருந்தது. டோலன் கைவைத்துத் திரும்பப் புடைத்த பதினொரு வயிறுகள், கூலப்ரியிலிருந்து சத்தம் போடாமல் பஸ் ஏறி வந்து, ஹாலமின் கையால் சரியாகி இருந்தன. பதினொரு பேரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். டோலன் நல்ல மனுஷன், அவர் மனசு நோகக் கூடாது, தயவுசெய்து சொல்லாதீங்க. ஹாலமும் சொல்லவில்லை.

"அந்தப் பதினொரு பேர் டோலன்கிட்ட திரும்ப செக்கப்புக்குப் போறப்ப, வயித்துல என்னோட நீளத் தழும்பு இருக்குமே, அது என்னன்னு அவன் கேட்டதுக்கு என்ன சொன்னாங்க தெரியுமா? மாடு முட்டிருச்சுன்னு சொன்னாங்களாம். நம்பிட்டான். அந்த ஊர்ப் பத்திரிகையில மாட்டுக்குக் கொம்பு சீவணும்னு அவன் எழுதிக்கிட்டிருக்கான். என்னா ஆளு."

"அத வெள்ளிக்கிழமை சொல்லப் போறீங்களா?"

"தேவப்பட்டா சொல்வேன். பேர் சொல்லாம. ஆனா மொதல்ல என் கணக்கு சுத்தமா இருக்கணும். இருநூறுக்கு இருநூறு. அந்தக் கடைசி ஒண்ணு எங்கன்னு எவனாவது கேட்டா நான் தலையச் சொறியக் கூடாது."

திங்கட்கிழமை மத்தியானம் அவரே தெருவைத் தாண்டி ஷெட்டுக்குப் போனார்.

அங்கே ஒரு லாரி நின்றது. லாரிக்கு அடியிலிருந்து இரண்டு பூட்ஸ் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஹாலம் வாசலில் கால் வைத்ததும் பூட்ஸ் ஒரு சாண் உள்ளே போயிற்று.

"ட்ரெவ், எப்படி இருக்க?" என்றார் ஹாலம், பூட்ஸைப் பார்த்து.

"பரவால்ல டாக்டர்," என்றது லாரி.

"வயிறு?"

"பரவால்ல. உங்க கார் எப்படி ஓடுது? போன மாசம் பிரேக் பாத்துக் கொடுத்தேனே?"

ஹாலம் ஒரு கணம் தயங்கினார். "பரவால்ல," என்றார்.

பிரேக் பரவாயில்லை என்பது உண்மைதான். ஆனால் அது கூலப்ரி மெக்கானிக் நாக்ஸின் புண்ணியம். ட்ரெவ் கைவைத்தால் கார் ஒரு வாரம் ஒழுங்காக ஓடும், பிறகு இருமும், பிறகு நிற்கும். ஹாலம் அதை ஓசைப்படாமல் கூலப்ரிக்கு ஓட்டிப்போய் நாக்ஸிடம் சரிசெய்துகொண்டு வருவார். மூன்று வருடமாக இதுதான் ஏற்பாடு. சனிக்கிழமை தோறும் ஒரே அணியில் கிரிக்கெட் ஆடிவிட்டு, ஒன்றாக உட்கார்ந்து பியர் குடித்துவிட்டு, 'உன் ரிப்பேர் சரியில்லை' என்று ஒருவன் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? பர்ரவில்லாவில் அப்படி யாரும் சொன்னதில்லை. சொல்லக் கற்றுக்கொடுக்கவும் ஆளில்லை.

"கொஞ்சம் வெளிய வாயேன், ரெண்டு நிமிஷம்," என்றார் ஹாலம்.

"கியர்பாக்ஸத் தாங்கிப் புடிச்சிருக்கேன் டாக்டர். விட்டா நான் சட்னி."

கால் மணி நேரம் நின்றுவிட்டு ஹாலம் திரும்பினார்.

செவ்வாய்க்கிழமை அவருக்கு ஒரு பிரமாதமான யோசனை தோன்றியது. காரை சர்வீஸுக்கு விட்டால், சாவியைத் திருப்பித் தர ட்ரெவ் நேரில் வந்துதானே ஆகவேண்டும்? காலையில் காரைக் கொண்டுபோய் விட்டார். சாயங்காலம் ட்ரெவ் சாவியை வெர்னாவிடம் கொடுத்துவிட்டு, டாக்டர் வேறு நோயாளியைப் பார்த்து முடிப்பதற்குள் கம்பி நீட்டிவிட்டார். காரில் 'ரேடியேட்டர் ஹோஸ் புதுசு. அன்புடன் ட்ரெவ்' என்று ஒரு சீட்டு இருந்தது.

காலையில் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்த கார் இப்போது விசில் அடித்தது. டிரைவர் பக்கத்துக் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது. வைப்பரைப் போட்டால் பின் விளக்கும் சேர்ந்து எரிந்தது.

"இனி ஒரே வழிதான்," என்றார் ஹாலம். "ரேடியோ."

புதன்கிழமை காலை, ஆட்டு விலைக்கும் வானிலைக்கும் நடுவே, உள்ளூர் ரேடியோவில் அறிவிப்பு வந்தது. திரு. ட்ரெவ் கோர்மன் தமது வயிறு சம்பந்தமாக டாக்டர் ஹாலமை உடனடியாகச் சந்திக்கவும்.

பத்து மணிக்குள் ட்ரெவுக்குப் புற்றுநோய் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. பதினோரு மணிக்குப் பாதிரியார் ஷெட்டுக்குப் போய்விட்டு வந்தார். பன்னிரண்டு மணிக்கு ஷெட் வாசலில் ஆறுதலுக்கு வந்த ஒன்பது வீட்டுக் கறிப் பாத்திரங்கள் வரிசையாக மூடி வைக்கப்பட்டிருந்தன. ட்ரெவ் எந்த வண்டிக்கு அடியில் இருக்கிறார் என்றே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் போன் ஓயவில்லை. வயிற்றில் வலை வைத்திருந்த அத்தனை பேரும் கூப்பிட்டார்கள்.

"வலைக்குக் காலாவதி தேதி உண்டான்னு கேக்கறாங்க டாக்டர். நாப்பதாவது ஆளு. ஒருத்தர் வயித்து மேல நாய் ஏறிக் குதிச்சுருச்சாம், வலை கிழிஞ்சிருக்குமான்னு கேக்கறார்."

"இந்த வதந்திய நானே அடக்கறேன்," என்று ஹாலம் எழுந்தார்.

மத்தியானச் செய்திக்குப் பிறகு ரேடியோவில் அவரே பேசினார். அந்தப் பேச்சில் நம்பிக்கை வழிந்தது.

"யாரும் பயப்பட வேண்டாம். யாருக்கும் எதுவும் இல்லை. இந்த ஊரில் நான் போட்ட தையல் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை என்பதை நான் என் கையாலேயே தொட்டுப் பார்த்து உறுதி செய்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு கூலப்ரியில் தியேட்டரே தேவைப்படாது. அடுத்த வாரத்திலிருந்து இரண்டு ஊருக்கும் நான் ஒருவனே."

அவர் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தபோது போன் ஊமையாகக் கிடந்தது. ஒரு அழைப்புகூட இல்லை.

"பாத்தியா வெர்னா. நம்பிக்கையா ஒரு வார்த்த சொன்னதும் ஊர் அடங்கிருச்சு."

வெர்னா அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். "நோரீன் கூப்பிட்டா டாக்டர். நாளைக்குக் கூலப்ரி போற பஸ்ல இடமே இல்லையாம். எல்லாரும் வெள்ளிக்கிழமைக்கு முன்னாடியே போயாகணுங்கறாங்களாம். பெரிய பஸ்ஸ எடுத்துட்டுப் போகலாமான்னு கேக்கறா."

நோரீன் காட் தபால் நிலையத்திலிருந்து ஓய்வு பெற்றவள். வியாழக்கிழமை தோறும் ஆஸ்பத்திரியின் இலவச பஸ்ஸை இரண்டு ஊருக்கும் நடுவே ஓட்டுகிறாள்.

"எடுத்துட்டுப் போகட்டும். ஆட்டுச் சந்தைக்குப் போறாங்க போல," என்றார் ஹாலம்.

அவருக்கு அப்போது வேறு கவலை. விசில் அடிக்கிற காரில் தலைநகர்வரை போக முடியாது. வியாழக்கிழமை காலையே நாக்ஸிடம் கொண்டுபோய்ச் சரிசெய்தாக வேண்டும். ட்ரெவ் காதுக்கு எட்டிவிடக் கூடாது.

"யாராவது கேட்டா கூலப்ரி பள்ளிக்கூடத்துல முள்வேலியப் பத்திப் பேசப் போயிருக்கேன்னு சொல்லு," என்று வெர்னாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஐம்பதாவது கிலோமீட்டரில் கார் விசிலை நிறுத்தியது. பிறகு ஓடுவதை நிறுத்தியது. என்ஜின் மூடிக்கு அடியிலிருந்து ஆவி வந்தது. இரண்டு பக்கமும் கோதுமை வயல், ஆள் அரவமே இல்லை. வேலிமேல் வரிசையாக உட்கார்ந்திருந்த இளஞ்சிவப்புக் கிளிகள் அவரைப் பார்த்துக் கத்தின. வெயிலில் முக்கால் மணி நேரம் நின்ற பிறகு தூரத்தில் புழுதி தெரிந்தது.

பெரிய பஸ்ஸேதான்.

"ஏறுங்க டாக்டர்," என்றாள் நோரீன், கதவைத் திறந்து. சொல்வதற்கு முன்னால் தலையைத் திருப்பி ஒருமுறை பஸ்ஸுக்குள் பார்த்தாள். அதை ஹாலம் கவனிக்கவில்லை.

உள்ளே ஏறியதும் அவருக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். ஒருவர்கூட அவருக்குத் தெரியாதவர் இல்லை. எல்லாரும் அவர் கத்தி பட்ட வயிறுகள். பாதிப் பேர் அவர் சொன்ன கித்தான் மேலங்கியில் இருந்தார்கள்.

"என்ன கெவின், எங்க?"

"பல் டாக்டரப் பாக்க," என்றார் கெவின் ஹார்டி. அவருக்கு இருப்பதெல்லாம் கட்டுப்பல்.

"எல்ஸ்பெத்?"

"பல்லுதான் டாக்டர்."

"நீ?"

"எனக்கும் பல்லு."

பஸ்ஸே பல்வலியில் இருந்தது.

"கூலப்ரில அவ்வளவு நல்ல பல் டாக்டரா?"

"பரவால்ல," என்றது பஸ், ஒரே குரலில்.

நோரீன் பிளாஸ்கில் டீயும் பழக் கேக்கும் கொண்டுவந்திருந்தாள். தட்டு கை மாறிப் பின்னால் போயிற்று. கடைசி வரிசையில் தொப்பியை முகத்துக்கு இறக்கி உட்கார்ந்திருந்த ஒருவர் மட்டும் கேக் வேண்டாம் என்று கையைக் காட்டினார். நோரீனின் கேக்கை ஒருவர் வேண்டாம் என்று சொல்லி ஹாலம் பார்த்ததில்லை. யார் அது என்று எழுந்து போய்ப் பார்த்தார்.

"ட்ரெவ்."

ட்ரெவ் கீழே பார்த்தார். பஸ் சீட்டுக்கு அடியில் ஆள் நுழைய இடமில்லை.

"டாக்டர்," என்றார் ட்ரெவ் ஈனசுரத்தில். பிறகு ஜன்னல் வழியாகப் பின்னால் எட்டிப் பார்த்து, "அது உங்க கார்தான?" என்றார். "முந்தாநேத்துதான ஹோஸ் மாத்துனேன்?"

"ஹோஸ் அருமையா இருக்கு," என்றார் ஹாலம் அவசரமாக. "கொஞ்சம் ஓய்வு கொடுத்திருக்கேன். நீ எந்திரி."

"பஸ்ஸ நிறுத்தச் சொல்லுங்க, நான் எறங்கி ஒரு பார்வ பாத்துடறேன்."

"வேணாம், வேணாம். நீ எந்திரிச்சு நில்லு, நான் ஒரு பார்வ பாத்துடறேன்."

"ஆடுற பஸ்ல எப்படி டாக்டர்?"

"ஒரு மாசமா உன்னத் தேடறேன். சட்டையத் தூக்கு. இருமு."

பஸ்ஸில் இருந்த எல்லாரும் ஒரே சமயத்தில் ஜன்னலுக்கு வெளியே கோதுமையைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

ட்ரெவ் எழுந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு சட்டையைத் தூக்கினார். உள்ளே அகலமான தோல் பெல்ட் ஒன்று கட்டியிருந்தது. அதையும் அவிழ்த்தார். அவர் இருமக்கூட வேண்டியிருக்கவில்லை. தொப்புளுக்கு மேலே, ஹாலமின் அழகான நேர்கோட்டுத் தழும்பின் நடுவில், ஓர் ஆரஞ்சுப் பழம் அளவுக்குப் புடைத்துக்கொண்டு நின்றது.

ஹாலம் உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. அந்த ரேடியோப் பேச்சு முழுவதும் அவர் காதில் திரும்பக் கேட்டது. அவருக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாக வருத்தமாக இருந்தது.

"எத்தன நாளா?"

"ரெண்டு வருஷமா."

"அதான் விக்கெட் கீப்பிங் வேணாம்னியா? முட்டி வலின்னு சொன்னியே."

"குனிஞ்சா வெளிய வந்துரும் டாக்டர்."

"நாலு அடி தூரத்துல இருக்கேன். எங்கிட்ட வந்து ஒரு வார்த்த சொன்னா என்ன?"

ட்ரெவ் தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டினார். "எம் பொண்ணுக்குக் குடல்வால் வெடிச்சப்ப, சொந்தத் தங்கச்சி கல்யாணத்துல பாதியில எந்திரிச்சு ஓடி வந்தீங்க. அந்த மூஞ்சியப் பாத்து 'உங்க தையல் விட்டுருச்சு'ன்னு எப்படிச் சொல்றது? இன்னிக்கு டோலன் கிட்ட பண்ணிக்கறதா இருந்தேன். அதான் காலையிலேருந்து பட்டினி. அடுத்த வாரம் நானா வந்து உங்ககிட்ட காட்டியிருப்பேன்."

ஹாலம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்.

"நீங்க எங்க டாக்டர் கெளம்புனீங்க?" என்றார் ட்ரெவ் மெதுவாக. "பள்ளிக்கூடத்துக்கா? வெர்னா அப்படித்தான் சொன்னா."

பொய் சொல்ல ஹாலமுக்கு அப்போது தெம்பில்லை. "நாக்ஸ்கிட்ட," என்றார்.

"தெரியும்."

"தெரியுமா?"

"என் ஸ்பேனர் பட்ட போல்ட்ட எனக்குத் தெரியாதா டாக்டர்? மூணு வருஷமா வேற எவனோ இறுக்குன போல்ட்டத்தான் நான் கழட்டிக்கிட்டிருக்கேன். கேட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு கேக்கல."

ஹாலமுக்குச் சிரிப்பு வந்தது. ட்ரெவுக்கும் வந்தது. சிரித்தால் வயிறு வலிக்கும் என்று அவர் இரண்டு கையாலும் ஆரஞ்சைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஹாலமும் தன் கையை அதன்மேல் வைத்து அழுத்திக் கொடுத்தார். பதினாறு வருடத்தில் அந்த ஊரில் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் உண்மை பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

ஆனால் ஹாலம் ஹாலம்தான். ஐந்து நிமிடத்தில் முதுகு நிமிர்ந்துவிட்டது. சட்டைப்பையிலிருந்து படிவத்தை எடுத்தார். கடைசிக் கட்டத்தில் 'புடைப்பு உண்டு' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.

"ஒண்ணு," என்று எழுந்து நின்று பஸ்ஸுக்கே அறிவித்தார். "இருநூறுல ஒண்ணே ஒண்ணு. மறைக்கமாட்டேன். நாளைக்குக் கூட்டத்துல இத நானே மொதல்ல சொல்லுவேன். இருந்தாலும் இது பெருமைப்பட வேண்டிய கணக்கு. மத்த நூத்துத் தொண்ணூத்தொம்பதும் நான் என் கையால தொட்டுப் பாத்தது. கல்லு மாதிரி நிக்குது. என்ன கெவின்?"

"கல்லு மாதிரி," என்றார் கெவின், கோதுமையைப் பார்த்துக்கொண்டே.

"டோலனுக்கு எத்தன தெரியுமா? சைபராம். சொல்லிக்கறான்." ஹாலமின் குரல் பழையபடி கணீரென்று ஆகிவிட்டது. "பேர் சொல்ல மாட்டேன், ஆனா அவன் போட்ட வலையில பதினொண்ண நான் திரும்பச் சரி பண்ணியிருக்கேன். பதினொண்ணு. அத்தன பேர் வயித்துலயும் என்னோட தழும்பு இந்த நீளத்துக்கு இருக்கு. அதப் பாத்துட்டு, மாடு முட்டிருச்சுன்னு சொன்னா நம்பிட்டான். ஒரு டாக்டருக்கு இன்னொருத்தன் கை பட்ட எடம்கூடவா தெரியாது? ட்ரெவுக்கு போல்ட்டு தெரியுது, டோலனுக்கு வயிறு தெரியல. அந்தப் பதினொரு மாட்டையும் நாளைக்குக் கூட்டத்துல எடுத்து விட்டேன்னா, கூலப்ரி தியேட்டருக்கு அன்னிக்கே பூட்டு."

யாரும் கைதட்டவில்லை. எல்ஸ்பெத் தன் கித்தான் மேலங்கியின் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார். அதைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் போட்டுக்கொண்டார்கள். ட்ரெவ் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு தொப்பியை முகத்துக்கு இறக்கிக்கொண்டார்.

நோரீன் வேகத்தைக் குறைத்தாள். தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் முதலில் அந்த முப்பது பேரையும், பிறகு டாக்டரையும் பார்த்தாள்.

"தாராளமா எடுத்து விடுங்க டாக்டர்," என்றாள். "அதுக்கு முன்னாடி, இந்த பஸ்ல முள்வேலி கிழிச்சவங்கள எல்லாம் ஒரு தடவ சட்டையத் தூக்கச் சொல்லி, வேலி எல்லாரையும் ஏன் சரியா மூணே மூணு எடத்துல கிழிச்சிருக்குன்னு மட்டும் பாத்துட்டுப் போங்க."